காகிதச் சுழலியும் ஒத்துப்போகாத எண்களும்

அறிவியல் கண்காட்சிக்குத் தமிழாசிரியனை நடுவராக அழைப்பது யாருடைய யோசனையோ தெரியவில்லை. பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். புகை கக்கும் எரிமலைகளையும் மழைநீர் சேகரிப்பு மாதிரிகளையும் கடந்து வந்தால், கடைசி மேசையில் எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி காகிதத் துண்டுகளோடு நின்றிருந்தாள். மின்விளக்கு இல்லை, மோட்டார் இல்லை. எனவே கூட்டமும் இல்லை.

அவள் செய்திருந்தது காகித ஹெலிகாப்டர். ஒரு நீளத் துண்டின் மேற்பாதியை நடுவில் கிழித்து, ஒன்றை இப்பக்கமும் மற்றொன்றை அப்பக்கமும் மடித்தால் இரண்டு இறக்கைகள். கீழ்ப்பாதியை இருபுறமும் உள்ளே மடித்து, நுனியில் ஒரு ஜெம் கிளிப்பைச் செருகினால் தண்டு. மூன்று மீட்டர் உயரத்திலிருந்து ஒரு கல் முக்கால் வினாடியில் தரையைத் தொட்டுவிடும். இதுவோ சுழன்று சுழன்று இரண்டு வினாடிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. இறக்கைகள் எதிரெதிர்ப் பக்கம் மடிந்திருப்பதால் காற்று அவற்றை எதிரெதிராகத் தள்ளுகிறது, அதனால் சுழற்சி. சுழலும் இறக்கை காற்றிடமிருந்து பெறும் எதிர்ப்பு எடைக்குச் சமமாகும்போது வேகம் கூடுவது நின்றுவிடுகிறது. இரண்டு இறக்கைகளையும் ஒரே பக்கம் மடித்துப் பாருங்கள், சுழலாது. கிளிப்பை எடுத்துவிட்டால் பெரும்பாலும் குட்டிக்கரணம் போடும்.

அவளுடைய சார்ட் அட்டையில் மூன்று இறக்கை நீளங்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து முறை அளந்த நேரங்கள். நடுத்தர இறக்கைக்கு ஐந்து கட்டங்களிலும் 2.4 என்று எழுதியிருந்தது.

“அஞ்சு தடவையும் இதே நேரமாம்மா வந்துச்சு?”

“இல்லைங்கய்யா. மாறி மாறித்தான் வந்துச்சு. அப்படியே எழுதினா தப்பாத் தெரியும்னு சொன்னாங்க.”

தயங்கித் தயங்கி ரஃப் நோட்டை எடுத்துக் காட்டினாள். 2.1, 2.6, 2.3, 1.8, 2.5. அவற்றுள் 1.8 மட்டும் இரண்டு கோடுகளால் அடிக்கப்பட்டிருந்தது.

அந்த அரங்கில் இருந்த ஒரே அறிவியல் அந்த ஐந்து எண்கள்தான் என்பது என் கட்சி. ஸ்டாப்வாட்சை அழுத்தும் விரலே கண்ணுக்கு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு பிந்துகிறது. விடும் கை ஒவ்வொரு முறையும் ஒரேமாதிரி விடுவதில்லை. மின்விசிறி வேறு. இந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு என்று தெரியாதவரை, நீள இறக்கை மெதுவாக விழுகிறது என்று சொல்வதற்கே நமக்கு உரிமையில்லை.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் புள்ளியியலாளர் ஜார்ஜ் பாக்ஸ், பொறியாளர்களுக்குச் சோதனை வடிவமைப்பைக் கற்பிக்க இதே காகித ஹெலிகாப்டரைப் பயன்படுத்தலாம் என்று 1992இல் ஒரு கட்டுரை எழுதினார். எங்கள் கல்லூரிப் புள்ளியியல் துறை நண்பர் அதைப் பற்றிச் சொல்லி, என்னையும் மாடிப்படியில் நிற்கவைத்தார். இறக்கை நீளம், தண்டின் நீளம், காகிதத்தின் கனம் ஆகிய மூன்றையும் இரண்டிரண்டு விதமாக மாற்றினால் எட்டு ஹெலிகாப்டர்கள். ஒவ்வொன்றையும் நான்கு முறை விட்டால் 32 வீழ்ச்சிகள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்று பள்ளியில் படித்திருந்தேன். எட்டையும் செய்து பார்த்தபோதுதான், கனமான காகிதத்துக்கு நன்மை செய்த நீள இறக்கை மெல்லிய காகிதத்தில் தளர்ந்து தொங்கிக் கெடுத்துவிடுவது தெரிந்தது. ஒன்றன் விளைவு மற்றதைப் பொறுத்திருக்கிறது. இதை எந்த ஒற்றை வாய்பாடும் எனக்குச் சொல்லியிருக்காது.

இதையெல்லாம் தமிழாசிரியன் பேசுவானேன்? காரணம் உண்டு. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் மாணவர்கள் என் வகுப்பில் உண்டு. அப்பட்டியலில் தணக்கம் ஒன்று. பல ஆண்டுகள் அதை ‘ஒருவகை மரத்தின் பூ’ என்று சொல்லியே கடந்திருக்கிறேன். தாவரவியல் துறை நண்பர் ஒருநாள் தணக்கு மரத்தின் உலர்ந்த காயை என் உள்ளங்கையில் வைத்து, மாடியிலிருந்து விடச் சொன்னார். தலையில் நீண்ட இரு இறக்கைகள், கீழே கனத்த விதை. சுழன்று சுழன்று இறங்கியது. அதன் அறிவியல் பெயரான கைரோகார்ப்பஸ் என்பதற்கே கிரேக்கத்தில் சுழலும் கனி என்றுதான் பொருள். அச்சிறுமியின் காகிதத்தை நம் காட்டு மரம் என்றோ செய்துவைத்திருக்கிறது. உரையைத் தாண்டிப் பார்க்காத எனக்குத்தான் அது தெரிந்திருக்கவில்லை.

ஆகவே அந்தப் பள்ளி ஆசிரியையை மட்டும் குறைசொல்ல எனக்கு வாய் எழவில்லை. நயம் பாராட்டும் வினாவுக்கு என் மாணவர்களின் 40 விடைத்தாள்களில் ஒரே வாக்கியம் வருகிறது. அவ்வாக்கியம் நான் சொல்லி எழுதவைத்தது. முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன். யாரேனும் ஒருவர், ‘இப்பாட்டு எனக்குப் பிடிபடவில்லை, இந்த இடத்தில் இடறுகிறது’ என்று எழுதியிருந்தால் என்ன செய்திருப்பேன்? அது என் 1.8. அடித்திருப்பேன்.

பரிசு, எதிர்பார்த்தபடியே, மோட்டார் வைத்த காற்றாலைக்குப் போயிற்று. மற்ற இரு நடுவர்களும் அறிவியல் ஆசிரியர்கள். ரஃப் நோட்டுக்கு மதிப்பெண் போட விதியில் இடமில்லை என்றார்கள். விதியில் இடமில்லைதான்.

கிளம்பும் முன் அந்தப் பெண்ணிடம் மறுபடி போய், 1.8ஐ மட்டும் ஏன் அடித்தாய் என்று கேட்டேன்.

“அது மட்டும் பாதி தூரம் சுத்தாமலே விழுந்துச்சுங்கய்யா. அப்புறம்தான் சுத்த ஆரம்பிச்சுது. ரெக்கைய சரியா மடிக்கலையோ என்னமோ.”

அதைச் சார்ட்டில் எழுதச் சொன்னேன். இடமில்லை என்றாள். அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினாள்.