போரில் இறந்த படைவீரருக்குத் தனிக் கட்டுரை: எங்கள் நிலைப்பாடு

தமிழில் இணையக் கலைக்களஞ்சியக் கட்டுரைகளை எழுதியும் திருத்தியும் வரும் தன்னார்வலர்கள் நாங்கள். எல்லையில் ஒரு மோதல் நடந்தால், இறந்தவரின் உடல் ஊர் வந்து சேருமுன்பே அவர் பெயரில் கட்டுரை தொடங்கப்பட்டுவிடுகிறது. பிறந்த ஊர், பணியில் சேர்ந்த ஆண்டு, மனைவி பெயர், குழந்தைகளின் வயது, அரசு அறிவித்த நிதி. பெரும்பாலும் அவ்வளவுதான் அதில் இருக்கும். இது தனிக் கட்டுரைக்குத் தாங்குமா என்று யாராவது கேட்டால், கேட்டவரின் நாட்டுப்பற்றே விசாரணைக்கு வந்துவிடுகிறது. ஒவ்வொரு மரணத்தின்போதும் இதையே மறுபடி பேச வேண்டாம் என்பதால் எங்கள் முடிவை எழுதி வைக்கிறோம்.

போரில் உயிரிழந்தார் என்பது மட்டும் தனிக் கட்டுரைக்குப் போதாது. படைத்துறையோ குடும்பமோ அல்லாத பிறர் அவருடைய வாழ்வையும் செயலையும் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும். அந்த எழுத்து, அவர் இறந்த வாரத்துச் செய்திகளோடு நின்றுபோயிருக்கவும் கூடாது.

பதக்கத்தையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் சொல்கிறார்கள். எளிதான வழிதான். போர்க்கள வீரத்துக்கான இந்தியாவின் உயரிய விருதான பரம் வீர் சக்கரம் பெற்றவர்கள் இதுவரை 21 பேர். அவர்களில் 14 பேருக்கு அது இறப்புக்குப் பின் வந்தது. அவர்களில் ஒருவரான, 1987 நவம்பரில் இலங்கையில் இந்திய அமைதிப்படைப் பணியில் இறந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்குக் கட்டுரை வேண்டுமா என்று யாரும் கேட்கப்போவதில்லை. சிக்கல் அதற்கடுத்த படிகளில்தான் தொடங்குகிறது. பிகார் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த மேஜர் மாரியப்பன் சரவணன் 1999 மே 29 அன்று கார்கில் போரின் பட்டாலிக் பகுதியில் இறந்தார். அவர் உடலை மீட்க ஒரு மாதத்துக்கும் மேலானது. திருச்சியில் அவருக்கு நினைவிடம் உண்டு. கார்கிலைப் பற்றி எழுதுகிறவர்கள் ஆண்டுகள் கழித்தும் அவரைப் பற்றி எழுதுகிறார்கள். ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி, 2020 ஜூன் 15 அன்று கல்வான் மோதலில் இறந்த 20 பேரில் ஒருவர். இருவருக்கும் கிடைத்தது வீர் சக்கரம்தான். ஆனால் பழனியைப் பற்றி நாங்கள் பார்த்த செய்திகளில் பெரும்பாலானவை அவர் இறந்த நாட்களையும் விருது வந்த நாளையும் ஒட்டியவை. எனவே சரவணனுக்குத் தனிக் கட்டுரை, பழனிக்கு இப்போதைக்குக் கல்வான் கட்டுரைக்குள் ஒரு பத்தி என்பது எங்கள் முடிவு. இது கடினமான முடிவு என்பதை நாங்கள் மறைக்கவில்லை. அதிகாரிகளைப் பற்றி எழுதுமளவுக்குச் சிப்பாய்களையும் ஹவில்தார்களையும் பற்றி யாரும் எழுதுவதில்லை. அந்தக் குறை எங்கள் அளவுகோலிலும் படிகிறது.

தமிழில் எழுதும் எங்களுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. இலங்கைப் போரில் இறந்தவர்கள் எல்லாத் தரப்பிலும் இருக்கிறார்கள். 1991 ஜூலையில் ஆனையிறவில் இறந்து, இலங்கையின் பரம வீர விபூஷணய விருதை முதலில் பெற்ற காமினி குலரத்னவுக்கும், 1987 ஜூலை 5 அன்று நெல்லியடித் தாக்குதலில் இறந்த விடுதலைப் புலிகளின் கேப்டன் மில்லருக்கும், மேலே சொன்ன பரமேஸ்வரனுக்கும் அளவுகோல் ஒன்றே. இராணுவத்தின் செய்திக்குறிப்பு மட்டும் போதாது என்றால் இயக்கத்தின் மாவீரர் வெளியீடு மட்டும் இருந்தாலும் போதாது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்லும் இடம் இதுவல்ல.

திரைப்படம் வந்தது என்பதையும் தகுதியாக எடுத்துக்கொள்ள மாட்டோம். 2014 ஏப்ரலில் ஷோபியானில் இறந்த மேஜர் முகுந்த் வரதராஜனுக்கு அடுத்த ஆண்டே அசோக சக்கரம் வழங்கப்பட்டது; அவரைப் பற்றிய ‘அமரன்’ படம் வந்தது 2024இல். படத்தின் காட்சிகளையும் வசனங்களையும் அவர் வாழ்க்கைக் குறிப்பில் சேர்த்தால் நீக்கிவிடுவோம்.

தனிக் கட்டுரை இல்லையென்றால் பெயரே இல்லை என்று யாரும் எண்ண வேண்டாம். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகல்லில் தமிழ்-பிராமி எழுத்தில் இறந்தவன் பெயர், ஊர், அவன் உயிர்விட்ட ஆகோள் பூசல் (ஆநிரை கவரும் சண்டை) ஆகியவை மட்டுமே இருக்கின்றன. ஈராயிரம் ஆண்டு கடந்தும் அவன் பெயர் நிற்கிறது. அதேபோல, உறுதியான சான்று இருக்கும் ஒவ்வொருவரின் பெயரும் பதவியும் படைப்பிரிவும் அந்தந்தப் போர் பற்றிய கட்டுரையில் இடம்பெறும். ஒருவர் விடாமல் பதிவது தேசியப் போர் நினைவிடத்தின் வேலை. 2019இல் தில்லியில் திறக்கப்பட்ட அதன் சுவர்களில் 25,000க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன.

முடிவு எதுவும் நிரந்தரமல்ல. அமெரிக்கக் கேப்டன் ஹுமாயுன் கான் ஈராக்கில் இறந்தது 2004இல். 2016இல் அவர் தந்தை ஜனநாயகக் கட்சி மாநாட்டில் பேசிய பிறகுதான் நாடு முழுவதும் அவர் பெயரை அறிந்தது, அவரைப் பற்றி விரிவாக எழுதியது. அப்படி எவருக்கு நேர்ந்தாலும் எங்கள் முடிவை மறுபடி பரிசீலிப்போம்.

உங்கள் ஊர்க்காரருக்குக் கட்டுரை வேண்டும் என்று நினைப்பவர்கள் எங்களிடம் கோபப்படுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். படைப்பிரிவின் வரலாற்று நூல், பத்திரிகையாளர் எழுதிய புத்தகம், ஆண்டுகள் கழித்து வந்த கட்டுரை எதிலாவது அவர் இருக்கிறாரா என்று தேடி, நூல் பெயரும் பக்க எண்ணும் அனுப்புங்கள். வீட்டு முகவரி, பிள்ளைகளின் பள்ளி, குடும்பப் படம் ஆகியவற்றை அனுப்பாதீர்கள்; அவற்றை வெளியிட மாட்டோம்.