பாட்டிக்கு இப்போதுதான் இலை!

"அந்தக் காலத்துப் பிரயாணம் போல் வருமா?" என்று பெருமூச்சு விடும் தாத்தா இல்லாத வீடு அபூர்வம். அதிலும் போட் மெயில் பேச்சு வந்துவிட்டால், கேட்கவே வேண்டாம்!

1914-ல் பாம்பன் பாலம் திறந்தபின், எழும்பூரில் ரயில் ஏறினால் தனுஷ்கோடி. அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். மறுபடியும் ரயில், கொழும்பு! எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். பாம்பனில் கப்பல் போக வேண்டுமானால், ஆட்கள் கையாலேயே சுற்றிப் பாலத்தைத் தூக்கி வழிவிடுவார்கள். இன்றோ சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றரை மணிதான். இடுப்பு வாரை மாட்டிக் கழற்றுவதற்குள் ஊர் வந்துவிடுகிறது. சுவாரஸ்யம் குறைந்துவிட்டது வாஸ்தவந்தான்.

ஆனால், 1964 டிசம்பர் 22-ம் தேதி இரவை மறந்துவிடலாமா? பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாஸஞ்சர் ரயிலை, அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு புயல் கடல் கொண்டுபோயிற்று. சாகசம் என்று நாம் சொல்லி மகிழ்வதெல்லாம், பத்திரமாகத் திரும்பி வந்தவர்களின் கதைகளைத்தானே?

இன்னொரு கேள்வியும் உண்டு. அந்தச் சுவாரஸ்யம் யாருக்குக் கிடைத்தது? ஜன்னலோரம் தாத்தாவுக்கு. பாட்டிக்கோ கூஜா, ஹோல்டால், புளியோதரைப் பொட்டலம். பாலத்தின் மேல் ரயில் போனபோது, அவள் குழந்தைகளை எண்ணிக்கொண்டிருந்திருப்பாள்! அடுத்த ஊருக்குத் தனியாகப் போவதென்றாலும், "துணைக்கு யார்?" என்ற கேள்விதான் முதலில் வரும்.

இன்று அவள் பேத்தி, தோளில் ஒரு பையோடு பெங்களூருக்கு இரவு பஸ் ஏறுகிறாள். பயம் அடியோடு போய்விடவில்லை. "இறங்கிவிட்டேன் அம்மா" என்று செய்தி வரும்வரை வீட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது. ஆனாலும் போகிறாள். பாட்டி மட்டும் இளைத்தவளா? 2021-ல் தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆயிற்று. அதன்பின் பஸ் காசுக்கு யாரிடமும் கை நீட்டாமல் வாசற்படி இறங்கிய பாட்டிமார் எத்தனை பேர்! அறியாத தெருவில் தனியாக இறங்கி, வழி விசாரித்து, சிநேகிதியின் வீட்டைக் கண்டுபிடிப்பது அவர்களுக்குச் சமுத்திரம் தாண்டிய சந்தோஷம்.

ஆகவே, தாத்தா பெருமூச்சு விட்டால் விடட்டும். அவர் உண்டு எழுந்த பந்தி அது. பாட்டிக்கு இப்போதுதான் இலை போட்டிருக்கிறது.