கொதிக்கிற குழம்பைப் பார்த்துப் பயப்படுகிறோம்

கேரளத்தின் ஆலப்புழையில் பறவைக்காய்ச்சலால் வாத்து செத்தது என்று டிவியில் ஓடினால் போதும், மறுநாள் பாவூர்சத்திரம் கறிக்கடைகளில் கூட்டம் இல்லை. "கோழி வேண்டாம் அண்ணாச்சி, மீனே வாங்கிக்கிடுதேன்" என்று நகர்ந்துவிடுகிறார்கள். புளியரை எல்லைச் சோதனைச்சாவடியில் கேரள வண்டிகளுக்கு மருந்து அடிப்பதைப் படமெடுத்து, "தென்காசிக்கு வந்துட்டு" என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறார்கள். நோய் வராமலிருக்க அடிக்கிற மருந்தே, நோய் வந்ததற்குச் சாட்சி ஆகிவிடுகிறது.

கோழிக்கறி தின்றால் பறவைக்காய்ச்சல் வரும் என்ற நம்பிக்கையை ஒவ்வொரு முறையும் கேட்டுச் சலித்துவிட்டது. 70 டிகிரி சூட்டில் உள்வரை வெந்த கறியில் அந்த வைரஸ் உயிரோடு இருக்காது. நம் வீட்டுக் குழம்பு அதைத் தாண்டிக் கொதிக்கிறது. ஆஃப்பாயிலை மட்டும் அந்த நாட்களில் விட்டுவிடலாம். 2020 தொடக்கத்தில் கோழியால் கொரோனா வருகிறது என்றும் இப்படித்தான் கிளப்பினார்கள். கோழிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் நாமக்கல் பண்ணைக்காரர்கள் முட்டையையும் கோழியையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். அந்த நட்டத்தை யாரும் திருப்பித் தரவில்லை.

நோயே பொய் என்று நான் சொல்லவில்லை. 2003 முதல் 2024 வரை உலகம் முழுவதும் எச்5என்1 என்ற பறவைக்காய்ச்சல் வைரஸ் தொற்றியவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு, ஆனால் அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் இறந்தார்கள். இந்தியாவில் 2021-இல் ஹரியானாச் சிறுவன் ஒருவன் டெல்லி எய்ம்ஸில் இறந்தான். 2025-இல் ஆந்திராவில் இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. அந்தக் குழந்தை பச்சைக்கறித் துண்டு ஒன்றைத் தின்றதாகச் செய்தி வந்தது. வேகாத கறி, நோயுற்ற பறவை, அதன் எச்சம், இறகு: ஆபத்து அங்கேதான் இருக்கிறது. மனிதரிடமிருந்து மனிதருக்கு இது தொடர்ந்து பரவியதில்லை.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். கடைக்கோழியைக் கண்டு விலகுகிற அதே வீட்டில், கொல்லையில் கோழி தலை சாய்த்தால், சாகுமுன்னே அறுத்துக் குழம்பு வைக்கிறார்கள். செத்துவிட்டால் வெறுங்கையால் தூக்கிக் குளத்தில் எறிகிறார்கள். பயப்பட வேண்டிய இடத்தில் யாருக்கும் பயமில்லை.

செத்த கோழியெல்லாம் பறவைக்காய்ச்சலும் அல்ல. வெள்ளைக்கழிச்சல் வந்தாலும் கொத்தாகத்தான் சாகும், அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மாதிரி போபாலில் இருக்கும் ஆய்வகத்துக்குப் போய், முடிவு வர வேண்டும். உறுதியானால் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் உள்ள வளர்ப்புப் பறவைகளை அழித்துவிடுகிறார்கள். அதற்கு முன்னால் பேசுவதெல்லாம் ஊகம். நாலைந்து கோழி ஒன்றாகச் செத்தால் பிள்ளைகளைக் கிட்டே விடாமல் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குழுவுக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.