நெருப்பில் குளிரும் பெட்டி

மாம்பலத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய பெண்ணும் மாப்பிள்ளையும் அமெரிக்காவில் அரிஸோனா மாகாணத்தில் இருக்கிறார்களாம். பழைய வண்டியாகப் பார்த்து ஒரு 'வீட்டு வண்டி' வாங்கியிருக்கிறார்களாம். வருகிற குளிர்காலத்தில் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு இரண்டு மாதம் ஊர் சுற்றுவதாக ஏற்பாடு.

"வண்டியில் இருக்கிற காஸ் ஃப்ரிட்ஜை எடுத்துவிட்டு மின்சார ஃப்ரிட்ஜ் வைக்கப் போகிறேன் என்கிறார் மாப்பிள்ளை. நன்றாக ஓடுகிற பெட்டியை எதற்கு மாற்ற வேண்டும்? என்னுடைய இன்ஸுலின் அதில்தானே இருக்கப் போகிறது! நடு வனாந்தரத்தில் மின்சாரத்துக்கு எங்கே போவது? மாப்பிள்ளையிடம் நேரில் கேட்கக் கூச்சமாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறார்.

கூச்சப்பட வேண்டிய கேள்வியே இல்லை, அம்மா. மாப்பிள்ளைகள் பலர் யோசிக்க மறக்கும் கேள்வி அதுதான்.

வீட்டு வண்டியைப் பார்த்திராத சகோதரிகளுக்காக ஒரு வார்த்தை. கட்டில், சமையல் மேடை, ஸ்நான அறை எல்லாம் உள்ளேயே அமைந்த மோட்டார் வண்டி அது. இந்தியானா மாகாணத்தில் எல்க்ஹார்ட் என்று ஓர் ஊர். அதையும் அதன் சுற்றுப்புறத்தையும் வீட்டு வண்டிகளின் தலைநகரம் என்றே சொல்லுவார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் பலர், வடக்கே பனி கொட்ட ஆரம்பித்ததும் இந்த வண்டிகளில் கிளம்பி அரிஸோனாப் பாலைவனத்துக்கு வந்துவிடுகிறார்கள். அங்கே க்வார்ட்ஸைட் என்ற சிற்றூரைச் சுற்றிலும் ஆயிரக் கணக்கில் வண்டிகள் நிற்கும். கம்பி வழியாக வரும் மின்சாரம் பெரும்பாலான வண்டிகளுக்குக் கிடையாது.

அப்படிப்பட்ட இடத்துக்கென்று வந்ததுதான் காஸ் ஃப்ரிட்ஜ். நெருப்பை மூட்டிக் குளிர வைப்பதாவது என்று சிரிக்காதீர்கள். நம் வீட்டு மண் பானையில் தண்ணீர் ஜில்லென்று இருப்பது எப்படி? பானையின் மேல் கசிகிற ஈரம் ஆவியாகும்போது உஷ்ணத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. பெட்டிக்குள் அந்த வேலையை அம்மோனியா செய்கிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் அம்மோனியாவைப் பின்புறத்துச் சிறு ஜ்வாலை ஆவியாக்கி மேலே அனுப்பும். அது குளிர்ந்து திரவமாகி, ஹைட்ரஜன் நிறைந்த குழாயில் மறுபடி ஆவியாகும்போது பெட்டிக்குள் இருக்கும் உஷ்ணத்தை உறிஞ்சிக் கொள்ளும். பிறகு தண்ணீரில் கலந்து பழைய இடத்துக்கே வந்து சேரும். சுழலுகிற பாகம் ஒன்றுகூட இல்லை, சத்தமும் இல்லை. 1922-ல் ஸ்டாக்ஹோமில் ஃபான் பிளாட்டன், முன்டெர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்த யுக்தி இது. மின்சாரம் எட்டாத இடங்களில் மண்ணெண்ணெய் விளக்கை வைத்து ஓட்டிய ஃப்ரிட்ஜ்களும் இதே ஜாதிதான். 9 கிலோ புரோபேன் சிலிண்டர் ஒன்று பத்துப் பன்னிரண்டு நாள் வரும்.

இத்தனை சமர்த்தான பெட்டியை ஏன் மாற்ற வேண்டும்?

முதலாவது, அது சமதளத்தில் நின்றால்தான் ஒழுங்காக வேலை செய்யும். பக்கவாட்டில் மூன்று பாகைக்கு மேல் வண்டி சரிந்து நின்றால் போதும். குழாய்க்குள் திரவம் ஓட வேண்டிய வழியில் ஓடாமல் தேங்கிவிடும். ஜ்வாலையோ எரிந்துகொண்டே இருக்கும். குழாய் காய்ந்து, துருப் பிடிக்காமலிருக்கச் சேர்த்த ரசாயனம் உள்ளேயே கட்டியாகி அடைத்துக் கொள்ளும். ஒரு தடவை அடைத்தால் அடைத்ததுதான். இரண்டாவது, நிதானம். மாலையில் பற்ற வைத்தால் மறுநாள் காலையில்தான் பால் வைக்கலாம். கடும் வெயிலில் அதுவும் தடுமாறும்.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மெல்லிய பலகையாலும் பிளாஸ்டிக்காலும் ஆன சுவருக்குப் பின்னால் இராப் பகலாக ஒரு தீ எரிகிறது. 2006-ல் ஒரு கம்பெனி, தான் விற்ற ஒன்பது லட்சத்துக்கும் அதிகமான பெட்டிகளைப் பழுது பார்த்துக் கொடுப்பதாக அறிவிக்க வேண்டி வந்தது. கொதிகுழாயில் வெடிப்பு விட்டு, வாயு கசிந்து தீப் பிடிக்கலாம் என்பதுதான் காரணம். எல்லாப் பெட்டியும் எரிந்துவிடும் என்று பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பெட்டியின் பின்னால் மஞ்சள் கறையோ, உள்ளே அம்மோனியா நெடியோ கண்டால் அன்றைக்கே அணைத்துவிட வேண்டும். பழைய வண்டி என்கிறீர்கள். மாப்பிள்ளை கவலைப்படுவது நியாயந்தான்.

"அந்தப் பெட்டியிலேயே மின்சாரத்தில் ஓட்டவும் ஒரு பொத்தான் இருக்கிறதே" என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது. ஆனால் அது ஜ்வாலைக்குப் பதில் ஒரு கம்பியைச் சூடாக்குகிறது, அவ்வளவுதான். 300 வாட்டுக்குக் குறையாமல் இழுக்கும். கம்ப்ரெஸர் வைத்த சிறிய ஃப்ரிட்ஜுக்கு ஓடும்போது 60 வாட் போதும். அதுவும் பாதி நேரம் சும்மா இருக்கும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். மின்சாரத்துக்கு எங்கே போவது? பாட்டரிக்குத்தான். வீட்டுக் கணக்கு எழுதுகிற கையால் இதையும் எழுதிப் பாருங்கள். 12 வோல்ட்டில் ஓடும் ஃப்ரிட்ஜ் 5 ஆம்பியர் இழுத்துப் பாதி நேரம் ஓடினால், ஒரு நாளைக்கு 60 ஆம்பியர்-மணி செலவு. வரவு என்ன? 100 என்று எழுதியிருக்கும் ஈயப் பாட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். ஆகவே 50 என்றே வைத்துக் கொள்ளுங்கள். விடிவதற்கு முன்பே பற்று! லிதியம் பாட்டரியானால் அதே 100-ல் 80-ஐத் தாராளமாக எடுக்கலாம். கூரையில் 200 வாட் சூரியப் பலகை இருந்தால் நல்ல வெயில் நாளில் ஃப்ரிட்ஜ் செலவு மட்டும் ஏறக்குறைய ஈடாகும். டிசம்பரில் அரிஸோனாவிலும் வெயில் சாய்ந்தே அடிக்கும், பகலும் குறைவு. விளக்கும் விசிறியும் வேறு உண்டு. இரண்டு லிதியம் பாட்டரியும் 400 வாட் பலகையும் என்று மாப்பிள்ளை சொன்னால், தலையாட்டிவிடுங்கள். பெட்டியை மட்டும் மாற்றுகிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள்.

வீட்டில் வைக்கிற ஃப்ரிட்ஜையே வண்டியில் வைப்பவர்களும் உண்டு. விலை சரசம், இடமும் அதிகம். ஆனால் பாட்டரி மின்சாரத்தை 120 வோல்ட்டாக்க இன்வெர்ட்டர் வேண்டும்; அது சும்மா இருக்கும்போதே கொஞ்சம் தின்றுகொண்டிருக்கும். கதவுக்குத் தாழ்ப்பாளும் கிடையாது. வண்டி ஒரு வளைவு திரும்பினால் ரசப் பாத்திரம் தரையில்!

மாற்றுகிற வேலையில் நீங்கள் கவனிக்க வேண்டியது காஸ் குழாய்தான். அடுப்பு காஸில்தானே தொடர்ந்து எரியும்? ஆகவே ஃப்ரிட்ஜுக்குப் போகும் கிளையின் முனையை உலோக மூடி போட்டு முறுக்கி அடைக்க வேண்டும். வால்வைத் திருகி மூடினால் போதாது. டேப் சுற்றுவது அதைவிட மோசம். பிறகு சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். நம் சமையலறையில் செய்கிற அதே பரீட்சைதான். பழைய மின் கம்பியும் மெல்லியதாக இருக்கும். தடித்த கம்பி இழுக்காவிட்டால் புதிய பெட்டி அடிக்கடி நின்றுபோகும். கழற்றிய பெட்டியின் குழாயை யாரும் வெட்டக் கூடாது. உள்ளே அம்மோனியாவும் ஹைட்ரஜனும் அழுத்தத்தில் இருக்கின்றன.

வாங்குமுன் வண்டியின் வாசலை அளந்தார்களா என்றும் கேளுங்கள். புதிய பெட்டி வாசலில் நுழையாமல் ஜன்னலைக் கழற்றி ஏற்றுவது அங்கே சகஜம். இதற்கு வேறொரு வழியும் உண்டு. பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு, பின்புறத்துக் குழாய்களை மட்டும் எடுத்துவிட்டுக் கம்ப்ரெஸர் பொருத்துவது. பொது மின்சாரம் வேண்டாம் என்று விரதம்போல் வாழும் அமிஷ் சமூகத்துக் கைவினைஞர்கள் இதில் கெட்டிக்காரர்கள். தங்கள் வீடுகளில் காஸ் ஃப்ரிட்ஜ் வைத்துப் பழகிய அவர்கள், ஊராருக்கு மின்சாரப் பெட்டி செய்து கொடுக்கிறார்கள்!

இனி இன்ஸுலின். பிரிக்காத மருந்து 2 முதல் 8 டிகிரி சென்டிகிரேடுக்குள் இருக்க வேண்டும். கிளம்புவதற்கு நாலு நாள் முன்பே புதிய பெட்டியை ஓட்டி, உள்ளே சிறிய தெர்மாமீட்டர் வைத்துக் காலையும் இரவும் குறித்துக் கொள்ளுங்கள். பாட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் மீட்டரைப் படிக்கவும் மாப்பிள்ளையிடம் கற்றுக் கொள்ளுங்கள். மருந்தை நடுத் தட்டில் வையுங்கள். கம்ப்ரெஸர் பெட்டி வேகமாகக் குளிரும்; உறைபெட்டியை ஒட்டி வைத்தால் மருந்து உறைந்து போகலாம். உறைந்த இன்ஸுலின் உருகினாலும் உதவாது, எறிந்துவிட வேண்டியதுதான்.