கூலியா, கொடையா?

ஏழு நாள் கடற்பயணத்தின் கடைசி இரவு. மயாமித் துறைமுகத்தை நோக்கித் திரும்பிக்கொண்டிருக்கிறது உல்லாசக் கப்பல். ஆடினார்கள், பாடினார்கள், அலைகடலின் நடுவே குளம் கட்டி அதிலே நீந்திக் களித்தார்கள். இனி, கணக்குப் பார்க்கும் நேரம். கணவன், மனைவி, பிள்ளைகள் இருவர். பயணக் கட்டணத்தை முன்பே கட்டிவிட்டார்கள். உணவும் அதிலேயே அடக்கம். ஆனாலும், கணக்கிலே 518 டாலர் ஏறி நிற்கிறது!

“இது என்ன?” என்கிறார் கணவர்.

“கிராஜுவிட்டி, ஐயா! பணியாளர்களுக்குத் தாங்கள் மனமுவந்து அளிக்கும் அன்பளிப்பு.”

மனம் எப்போது உவந்தது என்று அவருக்கே தெரியாது! அவர் உவக்குமுன்பே கணக்குப் புத்தகம் உவந்துவிட்டது. தலைக்கு, நாளொன்றுக்கு, 18 டாலர் 50 சென்ட். ராயல் கரீபியன் நிறுவனம் 2024 நவம்பரில் உயர்த்தி வைத்த விகிதம் அது. பெரிய அறைகளில் தங்கும் சீமான்களுக்கு 21 டாலர். மது வாங்கினால் அதன்மேல் நூற்றுக்குப் பதினெட்டு தனி. ஒரு நிறுவனத்தின் வழக்கம் மட்டுமல்ல இது. அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து கிளம்பும் பெருங்கப்பல்கள் பெரும்பாலானவற்றில் இதே ஏற்பாடுதான். தொகையிலே ஓரிரு டாலர் கூடும், குறையும்.

கிராஜுவிட்டி! நமது ஆலைத் தோழர்களுக்கு நன்கு பழகிய சொல். ஆண்டுக்கணக்கில் உழைத்தவன் வேலையை விட்டு விலகும்போது கையிலே வாங்குகிற பணிக்கொடை. அதுவும் ஒரு காலத்தில் முதலாளி மனமிரங்கிக் கொடுத்தால் உண்டு, இல்லையேல் இல்லை என்றுதான் இருந்தது. சங்கங்கள் போராடின, வழக்குமன்றம் ஏறின. 1972-இல் சட்டம் வந்தது. அன்றுமுதல் அது உரிமை. தர மறுத்தால் தட்டிக் கேட்கலாம். அதே சொல் கப்பலேறியதும் பழைய கோலத்துக்கே திரும்பிவிடுகிறது! கரையிலே உரிமை, கடலிலே கருணை. கருணையை எதிர்த்து யார் வழக்குப் போட முடியும்?

கணக்கைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம். 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து முதற்பயணம் கிளம்பிய ‘ஐகான் ஆப் தி சீஸ்’ என்னும் கப்பலை எடுத்துக்கொள்வோம். இருபது அடுக்கு, ஏழு நீச்சற்குளம். அறைக்கு இருவர் வீதம் 5,610 பயணிகள். நெருக்கி ஏற்றினால் 7,600 வரை. அவர்களுக்கு ஏவல் செய்ய 2,350 பணியாளர். 5,610 பேரும் குறைந்த விகிதத்திலேயே கட்டுவதாக வைத்துக்கொண்டாலும், ஒரே நாளில் சேருவது 1,03,785 டாலர். ஒரு வாரத்தில் 7,26,495 டாலர். வழியிலே கண்டவன் கையில் விட்டெறியும் சில்லறையா இது? ஒரு நகரத்தின் சம்பளப் பட்டியல்!

சம்பளப் பட்டியல் என்றே நாம் அழைக்கிறோம். நிறுவனங்கள் அழைப்பதில்லை. ஏன்? சம்பளம் என்றால் அது விலையிலே சேர வேண்டும். விலையிலே சேர்ந்தால் விளம்பரத்திலே தெரியும். ‘ஏழு நாள் பயணம், இத்தனை டாலர்தான்!’ என்று முழங்கும் அந்தத் தொகை ஏறிவிடும். கலிபோர்னியா மாநிலத்தில் 2024 ஜூலையில் ஒரு சட்டம் வந்தது. கட்டாயக் கட்டணங்களை மறைக்காமல் விளம்பர விலையிலேயே சேர்த்துக் காட்டு என்றது. துறைமுகக் கட்டணம் முதலியவை வெளிச்சத்துக்கு வந்தன. அன்பளிப்பு வரவில்லை. அதுதான் கட்டாயமில்லையே, விருப்பம்தானே என்றார்கள்! தானாகவே ஏறும், ஆனால் விருப்பம். எல்லோர் கணக்கிலும் ஏறும், ஆனால் விருப்பம்.

கரையிலே அமெரிக்க வருமான வரித்துறை இந்த விளையாட்டுக்கு மயங்கவில்லை. உணவகத்தில் தானாகச் சேர்க்கப்படும் தொகை அன்பளிப்பு ஆகாது, சேவைக் கட்டணம். தொழிலாளிக்குப் போகும்போது அது சம்பளமே என்று 2012-இல் தெளிவுபடுத்தி, 2014 முதல் அதைக் கண்டிப்பாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கொடுப்பவன் தானே முடிவு செய்ய வேண்டும், எவ்வளவு என்பதை அவனே சொல்ல வேண்டும், யாருக்கு என்பதும் அவன் கையில் இருக்க வேண்டும். அப்போதுதான் அது அன்பளிப்பு என்பது அவர்கள் வைத்த அளவுகோல். வரி வாங்குகிறவனுக்குக்கூடப் புரிகிற உண்மை இது!

முன்பு இப்படி இல்லை. கடைசி இரவில் உறைகள் தருவார்கள். அறையைத் துப்புரவு செய்தவருக்கு ஒன்று, உணவு பரிமாறியவருக்கு ஒன்று, அவருடைய உதவியாளுக்கு ஒன்று. பயணி பணத்தை வைத்து, முகம் பார்த்து, கையிலே கொடுப்பார். அதிலும் அவமானம் உண்டு. ஏழு நாளும் சிரித்த சிரிப்புக்கு எட்டாம் நாள் விலை நிர்ணயம்! உறை கொடுக்காமல் நழுவுகிறவர்களும் உண்டு. பிறகு, ஒரே மேசை ஒரே பணியாள் என்ற முறை மாறியது. நார்வேஜியன் நிறுவனம் 2000-ஆம் ஆண்டில், விரும்பிய நேரத்தில் விரும்பிய இடத்தில் உண்ணலாம் என்றது. யார் பரிமாறினார் என்பதே தெரியாதபோது உறை யாருக்கு? தானியங்கி வசூல் வந்தது. ராயல் கரீபியன் 2013-இல் இந்த முறைக்கு வந்தது.

நழுவுகிறவரிடமிருந்தும் பணம் வருகிறது. சமையற்கூடத்திலும் சலவைக் கூடத்திலும், கண்ணில் படாமல் உழைப்பவருக்கும் ஒரு பங்கு கிடைக்கிறது. அந்த அளவுக்கு இது முன்னைவிட மேல் என்பதை மறுக்க மாட்டோம்.

ஆனால், விருப்பம் என்ற சொல்லை விட்டுவைத்தார்களே, அதிலே இருக்கிறது விஷம். பயணி நேரே வரவேற்பு மேசைக்குப் போகலாம். “எடுத்துவிடு” என்று சொன்னால் எடுத்துவிடுவார்கள். குளிர்ந்த காப்பிக்காக எடுத்துவிடலாம். துறைமுகம் ஒன்றில் மழை பெய்ததற்காகக்கூட எடுத்துவிடலாம்! சூதாட்டக் கூடத்தில் விட்டதை இங்கே பிடிக்க நினைக்கிற புண்ணியவானும் எடுத்துவிடலாம். ஒரு மாதம் படுக்கை விரித்து, கழிப்பறை கழுவி, ஈரத் துண்டுகளை எண்ணி அடுக்கியவனுடைய வருமானத்தில் ஒரு பகுதி அந்த மேசைமுன் ஒரு வாயசைப்பில் கரைகிறது. அவன் அங்கே இல்லை. அவனைக் கேட்பாரில்லை. இப்படி ஒரு சம்பளம் எந்த ஆலையிலாவது உண்டா? துணி வாங்கியவன் பிடிக்கவில்லை என்றால் நெசவாளியின் கூலியைப் பிடிப்பது உண்டா?

“நாங்கள் கொள்கைக்காக எடுத்துவிடுகிறோம், முதலாளி சம்பளம் கொடுக்கட்டும்” என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். கொள்கை நல்லது. முதலாளிக்கு ஓங்கிய அடி தொழிலாளியின் முதுகில் விழுகிறது என்பதுதான் குறை. கையிலே ரொக்கமாகக் கொடுத்துவிடுகிறோம் என்றாலும், பட்டியலில் எடுத்தவர் கொடுத்த ரொக்கத்தைப் பொதுத்தொகையில் சேர்த்துவிட வேண்டும் என்ற விதி சில கப்பல்களில் இருக்கிறது.

இந்தத் தொழிலாளிக்குச் சட்டத்தின் துணை எங்கே? அலுவலகம் மயாமியில். பயணி அமெரிக்கர். பணம் டாலர். ஆனால் கப்பலின் பின்புறத்தில் பறக்கிற கொடியோ பகாமாசு உடையது, அல்லது பனாமா, அல்லது பெர்முடா! தொழிலாளி பிலிப்பைன்சுக்காரர், இந்தோனேசியர், இந்தியர். ‘அயல்நாட்டுக் கொடி, அயல்நாட்டுத் தொழிலாளி, ஆகவே நமது தொழிலுறவுச் சட்டம் அங்கே செல்லாது’ என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1963-இல் தீர்ப்பளித்துவிட்டது. அது வாழைப்பழக் கப்பல்களைப் பற்றிய வழக்கு. வாழைப்பழத்துக்குச் சொன்ன நீதி உல்லாசத்துக்கும் உதவுகிறது! ஒரு முழத் துணியை மாற்றிக் கட்டினால் ஒரு நாட்டின் சட்டமே மாறிவிடுகிறது.

இங்கிலாந்தில் என்ன நடந்தது தெரியுமா? பி அண்டு ஓ கப்பல்களில் இளநிலைப் பணியாளருக்கு அடிப்படை ஊதியம் மணிக்கு 75 பென்சு என்று 2012-இல் லண்டன் ‘கார்டியன்’ ஏடு வெளியிட்டது. அப்போது இங்கிலாந்தின் கரையில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 6 பவுன் 8 பென்சு. பணியாளர்களில் பலர் இந்தியர்; கொடி பெர்முடாவுடையது. அன்பளிப்புப் பணமும் ஊக்கத்தொகை என்ற வேடத்தில் வந்தது. பயணிகள் எழுதிக் கொடுக்கும் கருத்துத் தாளில் மனநிறைவு 92 விழுக்காட்டைத் தொட்டால்தான் கிடைக்கும் என்று விதித்தார்களாம்! 91 பேர் மகிழ்ந்தால் போதாது. தொண்ணூற்றிரண்டாமவரும் மகிழ வேண்டும். அவருக்கு அன்று வயிற்றுவலி என்றால்?

இந்தக் கதைக்கு மூலக்கதை ஒன்று உண்டு. கடலிலே அல்ல, தண்டவாளத்தின் மேலே நடந்தது.

அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமைமுறை ஒழிந்தபின், புல்மன் என்பவர் தூங்கும் வசதியுள்ள இரயில் பெட்டிகளை ஓடவிட்டார். விடுதலை பெற்ற கறுப்பின மக்களைத் தேடிப் பிடித்துப் பணியாளராக அமர்த்தினார். படுக்கை விரிக்க, காலணி துடைக்க, கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர. சம்பளம் சிறிது, மீதியைப் பயணியிடம் பெற்றுக்கொள் என்பது ஏற்பாடு. அவர்களுடைய பெயரைக்கூடக் கேட்கமாட்டார்கள். முதலாளி ஜார்ஜ் புல்மன் அல்லவா? ஆகவே எல்லோரும் ‘ஜார்ஜ்’! எசமானின் பெயரால் அடிமையை அழைத்த பழக்கம், அடிமைமுறை செத்த பிறகும் சாகவில்லை.

1915-இல் அரசாங்க விசாரணைக் குழுவின்முன் அந்தச் சம்பளம் வெளிவந்தது: மாதம் 27 டாலர் 50 சென்ட். கம்பெனியின் தலைவராக அந்தக் குழுவின்முன் வந்து நின்றவர் யார் தெரியுமா? ராபர்ட் லிங்கன். ஆம்! அடிமைத்தளையை அறுத்த ஆபிரகாம் லிங்கனின் மகன்!

அந்தத் தொழிலாளர்கள் என்ன செய்தார்கள்? இன்னும் அழகாகச் சிரிக்கப் பழகவில்லை. 1925-இல் ஆர்லெமில் கூடினார்கள். ஏ. பிலிப் ராண்டல்ப் தலைமையில் சங்கம் கண்டார்கள். ராண்டல்ப் புல்மன் பெட்டியில் வேலை செய்தவரல்ல, ஏடு நடத்தியவர். ஆகவே கம்பெனி அவரை வேலைநீக்கம் செய்ய வழியில்லை! பன்னிரண்டு ஆண்டு. உறுப்பினர் வேலையிழந்தார்கள், ஒற்றர்கள் உள்ளே புகுந்தார்கள், சங்கத்தின் பெட்டி காலியாயிற்று. 1937 ஆகஸ்டில் புல்மன் கம்பெனி கையெழுத்திட்டது. மாதம் 400 மணி என்றிருந்த வேலை 240 மணியாகக் குறைந்தது, சம்பளம் உயர்ந்தது.

“அங்கே போகிறவன் தெரிந்துதானே போகிறான்? ஊரில் கிடைப்பதைவிட அதிகம்தானே?” என்பார்கள் சிலர். உண்மை, அதிகம்தான். ஆறிலிருந்து ஒன்பது மாதம், வார விடுமுறை இல்லாமல், நாளுக்குப் பத்து மணிக்கு மேல் உழைத்து, நீர்மட்டத்தை ஒட்டிய அறையில் இருவராகப் படுத்து எழுகிறவன் வீட்டுக்கு அனுப்பும் பணத்தில் ஒரு தங்கைக்குத் திருமணம் நடக்கிறது, ஒரு தம்பி படிக்கிறான். அந்தப் பணத்தை நாம் இழிவாகப் பேச மாட்டோம். அவ்வளவு பாடுபட்டுப் பெறுவதை, ஏன் அவன் பிறர் தயவாகப் பெற வேண்டும் என்பதுதான் நமது கேள்வி.

முடியாத காரியமா? அதே பி அண்டு ஓ நிறுவனம், தலைக்கு நாளொன்றுக்கு 7 பவுன் என்று வாங்கிவந்த சேவைக் கட்டணத்தை 2019 மே மாதம் முதல் நீக்கி, பயணக் கட்டணத்திலேயே அடக்கிவிட்டது. கப்பல் மூழ்கிவிடவில்லை! நார்வே நாட்டுக் கடல் தொழிலாளர் சங்கம் போன்றவை சில நிறுவனங்களோடு கூட்டு ஒப்பந்தம் செய்திருக்கின்றன. ஒப்பந்தத்தில் எண்ணாகக் குறித்த தொகை எதுவோ, அது வரவேற்பு மேசையில் கரையாது. மற்றது கரையும்.

நமது ஊர்களிலிருந்தும் உணவக நிருவாகம் படித்த பிள்ளைகள் இந்தக் கப்பல்களுக்குப் போகிறார்கள். கழகத் தோழர்கள் வீட்டிலும் இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு செய்தி. ஐ.எல்.ஓ.வின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013-இல் நடைமுறைக்கு வந்தது; இந்தியா 2015-இல் அதை ஏற்றுக்கொண்டது. வேலை வாங்கித் தருவதற்காகக் கடல் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்பது அதன் விதி. இலட்சம் கொடு என்று கேட்கிற தரகனை வாசலோடு அனுப்பிவிடுங்கள். கப்பல் துறைத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் பெற்றவரா என்று பாருங்கள். ஒப்பந்தத் தாள் கைக்கு வந்ததும், மொத்தத் தொகையைக் கண்டு மயங்காமல், பிரித்துக் கேளுங்கள். அடிப்படை ஊதியம் எவ்வளவு? பயணி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் கிடைக்கும் என்று உறுதி செய்த தொகை எவ்வளவு? அன்பளிப்பை நம்பி எழுதியது எவ்வளவு? கடைசி எண் மட்டும் பெரிதாக இருந்தால், கையெழுத்துப் போடுமுன் சங்க ஒப்பந்தம் உள்ள கப்பலா என்று இன்னொரு முறை விசாரியுங்கள்.