படம் ஓடுகிறது, குரல் எங்கே?

வீட்டுக் கணினியில் படம் பார்ப்போர் அனைவரும் அறிந்த தொல்லை ஒன்றுண்டு. படம் தடையின்றி ஓடும், சத்தம் வராது. அல்லது பின்னணி இசை முழங்கும். கதைப்பவர்களின் குரல் மட்டும் கேளாது. கடையில் வாங்கிய திரைப்படம் என்றால் வேறொரு பிரதியைத் தேடிக்கொள்ளலாம். வன்னியில் இந்தத் தொல்லைக்கு வேறொரு கனம் இருக்கிறது. அதனாற்றான் இதுபற்றி எழுத வேண்டும் எனக் கருதுகிறேன்.

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னி மக்கள் துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். 2002 போர்நிறுத்தத்தின் பின் ஏ-9 வீதி திறந்தபோது கணினிகளும் இறுவட்டு இயக்கிகளும் உள்ளே வந்தன. மின்பிறப்பாக்கியின் துணையோடு திருமணங்களும் சாமத்திய வீடுகளும் கோயில் திருவிழாக்களும் ஒளிப்பதிவாகின. ஒரு பிரதி வீட்டில் இருந்தது; இன்னொன்று ரொறன்ரோவுக்கோ இலண்டனுக்கோ பாரிசுக்கோ போனது. 2006 ஓகஸ்டில் வீதி மூடப்பட்டது. 2009இல் கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை இடம்பெயர்ந்தவர்கள் உயிரைக் காப்பதே பெரும்பாடாக இருந்த நிலையில் அல்பங்களையும் இறுவட்டுகளையும் வழியெங்கும் விட்டுவந்தார்கள். ஆகவே பல குடும்பங்களுக்கு எஞ்சியிருப்பது கடல் கடந்துபோன அந்தப் பிரதி மட்டுமே.

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடர் போராட்டத்தைத் தொடங்கியபோது கைகளில் ஏந்தியிருந்தவை நிழற்படங்கள். நிழற்படம் பேசாது. யாரோ ஒருவரின் திருமண இறுவட்டில், பந்தலின் ஓரத்தில் நின்று விருந்தினரை வரவேற்கும் ஒருவரின் குரல் இருக்கக்கூடும். அந்த இறுவட்டைக் கணினியில் இட்டதும் சத்தம் வரவில்லை என்றால், 'பழுதாகிவிட்டது' என்று ஒதுக்கிவிடுகிறோம். அப்படி ஒதுக்குவது பெரும்பாலும் அவசரத் தீர்ப்பு என்பதே என் வாதம்.

காரணம் எளிது. படமும் ஒலியும் ஒரே கோப்பினுள் இருந்தாலும் வெவ்வேறு முறைகளில் சுருக்கப்பட்டவை. படத்தை விரிக்கத் தெரிந்த மென்பொருளுக்கு ஒலியை விரிக்கத் தெரியாதிருக்கலாம். அக்கால வி.சி.டி.களில் எம்.பி.2 என்ற முறையும், டி.வி.டி.களில் பெரும்பாலும் டொல்பியின் ஏ.சி.-3 முறையும் பயன்பட்டன. 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல் டி.வி.டி. இயக்கும் வசதி இயல்பாக வழங்கப்படுவதில்லை. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு புதிதாக நிறுவப்படும்போது ஏ.சி.-3 விரிப்பானும் தானாக வருவதில்லை. ஏ.சி.-3 தொடர்பான காப்புரிமைகள் 2017இலேயே காலாவதியாகிவிட்டன என்பதை நினைத்தால் இது விசித்திரமாகவே படுகிறது. எங்கோ ஒரு நிறுவனம் எடுக்கும் முடிவினால் புதுக்குடியிருப்பில் ஒரு தாய்க்கு மகனின் குரல் கேளாமற் போகிறது.

பரிகாரத்துக்குப் பணம் தேவையில்லை. பிரெஞ்சு மாணவர்களின் முயற்சியாகத் தொடங்கி, 2001 முதல் கட்டற்ற மென்பொருளாகக் கிடைக்கும் வி.எல்.சி. இயக்கி இந்த ஒலிமுறைகளைத் தன்னுள்ளேயே கொண்டது. அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் தரவிறக்குங்கள். 'கோடெக் தொகுப்பு' என்ற பெயரில் கண்ட இடங்களில் கிடைப்பவற்றை நிறுவினால் நச்சுநிரலும் கூடவே வரலாம்.

அதன் பின்னும் சத்தம் இல்லையெனில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். வேறொரு கோப்பில் ஒலி வருகிறதா? வராவிட்டால் கோளாறு கணினியிலோ ஒலிபெருக்கியிலோ இருக்கிறது. இறுவட்டைக் குறை கூறாதீர்கள். இசை கேட்டு வசனம் மட்டும் கேட்கவில்லையா? 5.1 ஒலியில் வசனம் நடுத் தடத்தில் இருக்கும். உங்களிடம் இருப்பதோ இரண்டு ஒலிபெருக்கிகள். கணினியின் ஒலி அமைப்பை ஸ்டீரியோவுக்கு மாற்றினால் குரல் திரும்பும். ஒரு காதில் மட்டும் கேட்கிறதா? ஒளிப்பதிவாளரின் ஒலிவாங்கி ஒரு பக்கத்தில் மட்டும் பதிந்திருக்கலாம், வி.எல்.சி.யின் ஸ்டீரியோ தெரிவில் அந்தப் பக்கத்தைத் தெரிந்தால் இரு பக்கமும் ஒலிக்கும். உதடும் குரலும் பொருந்தவில்லையா? ஜே, கே விசைகள் ஒலியை முன்பின்னாக நகர்த்தும்.

எனது பெரிய கவலை வேறொன்று. பழைய இறுவட்டுகளைப் புதிய வடிவத்துக்கு மாற்றித்தரும் கடைகள் பெருகிவிட்டன. வவுனியாவில் ஒரு கடையில் மாற்றப்பட்ட திருமணப் பதிவொன்றைப் பார்த்தேன். படம் துலக்கமாக இருந்தது. குரல்களை நீக்கிவிட்டு முழுவதும் சினிமாப் பாடல்களை ஏற்றியிருந்தார்கள். அழகுக்காகச் செய்தார்களாம்! வீட்டாரோ மூல இறுவட்டைத் திருப்பி வாங்கவில்லை. போன குரல் போனதுதான். கடைக்காரரைக் குற்றஞ்சொல்லி என்ன பயன்? குரலும் ஓர் ஆவணம் என்று நாமே எண்ணாதபோது அவர் எப்படி எண்ணுவார்?

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது, மாற்றும் முன்னர் இறுவட்டில் உள்ள கோப்புகள் அனைத்தையும் உள்ளபடியே இரண்டு இடங்களில் பிரதி எடுங்கள். எமது வெப்பத்திலும் ஈரத்திலும் வீட்டில் எழுதப்பட்ட இறுவட்டுகள் நெடுங்காலம் தாங்கா. இரண்டாவது, மாற்றிய பிரதியைத் தொடக்கம் முதல் முடிவு வரை காதால் கேட்டுச் சரிபார்க்காமல் மூலத்தை எறியாதீர்கள்.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் அலுமாரியின் அடியில் கிடக்கும் அந்த வன்னி இறுவட்டு உங்களுக்கு ஒரு பழைய விருந்தின் நினைவு. அனுப்பியவர் வீட்டில் இன்று அதுவும் இல்லை. இந்த வாரமே ஒரு பிரதி எடுத்து அனுப்பிவையுங்கள். சத்தம் வராவிட்டாலும் அனுப்புங்கள். அதை இங்கே மீட்டெடுக்க வழியுண்டு.