கோச் ஆகப் புறப்பட்ட அன்பர்

இருப்புப்பாதையில் ஊழியம் செய்யும் நமக்குக் 'கோச்' என்றால் பெட்டிதான். ஆகவே, சென்ற திங்கள் நம் சங்கத்து அன்பர் ஒருவர் மனைவியுடன் இல்லம் தேடி வந்து, "தம்பி, வேலையை விட்டுவிட்டுக் கோச் ஆகப் போகிறேன்" என்று அறிவித்தபோது நாம் சற்று விழித்தது உண்மை.

அவர் கருதியது வேறு. உத்தியோகத்திலோ வாழ்விலோ திகைத்து நிற்பவரோடு தனித்து அமர்ந்து, அடுத்து எடுத்து வைக்க வேண்டிய அடியை அவரே தெளிந்துகொள்ளும்படி துணை நிற்கும் தொழில் அது. கம்பெனி அதிகாரிகளுக்குச் செய்தால் 'எக்ஸிகியூட்டிவ் கோச்'. ஏனையோருக்குச் செய்தால் 'லைஃப் கோச்'. பின்னர் அகராதியைப் புரட்டியபோது அச்சொல்லின் பிறப்பு நமக்குக் களிப்பூட்டிற்று. ஹங்கேரி நாட்டில் கோச் என்னும் சிற்றூரின் குதிரை வண்டிக்கு அவ்வூர்ப் பெயரே வழங்கலாயிற்றாம். 19ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டு மாணாக்கர்கள், தம்மைப் பரீட்சையில் கரையேற்றிய ஆசிரியரையும் அப்பெயரால் அழைத்தார்கள். நம் பெட்டிக்கும் அன்பருக்கும் தூரத்து உறவு உண்டு என்பது இதனால் விளங்கும்.

அன்பருக்கு வயது 43. இந்த நாகபுரியில் ஒரு தனியார் கம்பெனியின் பணியாளர் பிரிவில் 18 ஆண்டுகள் கழித்தவர். வாடகை வீடு, வரும் ஜூலையில் கல்லூரி சேர வேண்டிய பெண், ஊரில் வயது முதிர்ந்த தாயார். மூன்றே நாள் வகுப்பில் சான்றிதழ், பிறகு மாதம் இலட்ச ரூபாய் என்று கூறும் விளம்பரம் ஒன்றைக் கைப்பேசியில் காட்டினார். அவர் மனைவியோ, "நீங்களாவது நல்லபடியாகச் சொல்லுங்கள், தம்பி" என்றார். அந்நிய ஊரில் சம்பளம் நின்றால் ஒரு படி அரிசி கைமாற்று வாங்க அண்ணன் வீடு அடுத்த தெருவில் இல்லை என்பதை நம் வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

"வேண்டாம்" என்ற சொல் நம் நாவின் நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கியதற்குக் காரணம் உண்டு. நான்கு ஆண்டுகளுக்கு முன், உடன் வேலை செய்பவரின் மகன் நம்மிடம் யோசனை கேட்டு வந்தான். டிப்ளமா படிப்பை நிறுத்திவிட்டுக் கிடைத்த ஒப்பந்த வேலைக்குப் போகலாமா என்பது அவன் கேள்வி. "கைக்கு வந்த வேலையை விடாதே" என்றோம். அவனும் அப்படியே செய்தான். வேலை பதினோரு மாதத்தில் முடிந்தது. படிப்பும் பாதியில் நின்றது. இன்றும் பிளாட்பாரத்தில் நம்மைக் கண்டால் மரியாதையாக வணங்குகிறான். அந்த முகத்தை நேரே நோக்க நம்மால் இயலவில்லை. அன்று அவன் உள்ளத்தில் என்ன இருந்தது என்று ஒரு வார்த்தை கேட்டோமில்லை.

இத்தொழிலின் உயிர்நிலையும் அதுவே: உரைப்பதினும் வினவுதல். 1974இல் திமோதி கால்வே என்ற அமெரிக்க டென்னிஸ் ஆசிரியர், கட்டளைகளைக் குறைத்துப் பந்தைக் கூர்ந்து நோக்கச் செய்தாலே ஆட்டக்காரர் விரைவில் தேறுகிறார் என்று நூல் எழுதினார். அவ்வழியில் வந்த ஜான் விட்மோர் என்ற ஆங்கிலேயர், ஒரு காலத்தில் கார்ப் பந்தய வீரர், 1992இல் வெளியிட்ட நூலின் வாயிலாக நான்கு வினாக்கள் கொண்ட முறை பரவிற்று. எதை நாடுகிறீர்? இன்றைய நிலை என்ன? வழிகள் யாவை? எதைச் செய்வீர்?

அவற்றை அன்பரிடமே கேட்டோம். முதல் வினாவுக்கு அரை மணி நேரம் விடை வந்தது. இரண்டாவதற்கு அவர் வாய் திறக்கவில்லை. அம்மையார் பையிலிருந்து வீட்டுக் கணக்கு நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். கையிருப்பு ஐந்து மாதச் செலவுக்குக் காணும்.

மூன்றாம் வினாவுக்காக இருவரும் சில இரவுகள் விவரம் திரட்டினோம். நம் நாட்டில் இத்தொழிலுக்கு அரசாங்க உரிமம் கிடையாது. எவரும் பலகை மாட்டலாம். ஆதலால் மூன்று நாள் சான்றிதழைக் கொண்டு ஒருவரை எடை போட இயலாது. 1995இல் அமெரிக்காவில் தோன்றிய சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பின் சான்றுகளைப் பெரிய கம்பெனிகள் மதிக்கின்றன. அதன் முதற்படிக்கு 60 மணி நேரப் படிப்பும், மெய்யான ஆட்களோடு 100 மணி நேர அனுபவமும், மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் 10 மணி நேரமும் வேண்டும், தேர்வும் உண்டு. அடுத்த படிக்கு அனுபவம் 500 மணி. குமாஸ்தா புத்தி உடனே கணக்குப் போட்டது. ஞாயிறுதோறும் இரண்டு மணி என்றால், முதற்படிக்கு 50 ஞாயிறுகள். இரண்டாம் படிக்கு ஐந்து ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு. அன்பர் பெருமூச்செறிந்தார். ஆயினும் அந்த 100 மணியும் வேலையில் இருந்துகொண்டே சேர்க்கக் கூடியவை என்பதை முதலில் கண்டவர் அம்மையார்தாம். (நம் போன்ற இரயில்வே ஊழியர் இதற்கு ஆசைப்பட வேண்டாம்; 1966ஆம் ஆண்டின் நடத்தை விதிகளின்படி முன் அனுமதி இன்றி வேறு தொழில் கூடாது. தனியார் வேலையில் இருப்போரும் தம் நியமன ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துப் பார்ப்பது நலம்.)

கம்பெனி பணம் கொடுக்கும். பேசுபவரோ அதன் ஊழியர். பேசியதில் எதை மேலிடம் அறியலாம், எது வெளியே போகாது என்பதை முதல் நாளே மூவரும் எழுதிக்கொள்ளாவிடில் பிழைப்பு மட்டுமா, நட்பும் கெடும். பணியாளர் பிரிவில் பழகியவராதலால் அன்பர் இதனை நம்மினும் விரைவாகப் பிடித்துக்கொண்டார். உறக்கமற்று, உயிரை வெறுத்துப் பேசுபவர் வந்தால் அது கோச்சின் வேலையன்று. மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். 14416 என்ற அரசாங்க மனநலத் தொலைபேசி எண்ணைத் தம் நோட்டின் முதல் பக்கத்திலேயே குறித்துக்கொண்டார்.

வேலையை அவர் விடவில்லை. விடமாட்டேன் என்றும் சொல்லவில்லை. மகள் கல்லூரியில் சேர்ந்தபின் மறுபடி பேசுவதென்று வீட்டில் உடன்பாடு. இதற்கிடையில் சங்கத்தின் நூலக அறையை ஞாயிறு மாலைகளில் கேட்டு வாங்கியிருக்கிறார். இதுவரை மூவர் வந்துள்ளனர். அவர்களுள் ஒருவன், பிளாட்பாரத்தில் நம்மை வணங்கும் அந்தப் பிள்ளை. கதவு மூடியிருந்ததால் என்ன பேசினார்கள் என்று நமக்குத் தெரியாது. நோட்டில் ஏழு மணி நேரம் ஏறியிருக்கிறது.